பனியில் நின்ற காருக்கு ஒரு பை

நவம்பர் பிறந்ததும் கனடாவின் பெரிய கடைகளில் சிவப்புப் பைகள் வந்து அடுக்கில் உட்கார்ந்துவிடும். காருக்கான அவசரகாலப் பை என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே மெல்லிய ஜம்பர் கேபிள் ஒன்று, பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று, சில பிளாஸ்திரிகள், மழை அங்கி, உள்ளங்கை அளவுக்கு மடித்த வெள்ளித்தாள் போர்வை. வாங்கி டிக்கியில் போட்டுவிட்டால் குளிர்காலக் கடமை தீர்ந்தது என்று நம்மில் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஜூலையில் டயர் பஞ்சராகி ஓரங்கட்டிய காருக்கு அந்தப் பை போதும். ஜனவரியில், நெடுஞ்சாலை நடுவே, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நிற்கும் காருக்கு அதில் பாதிப் பொருள் உதவாது.

குளிர்காலத்தில் பல நேரம் கெட்டுப்போவது கார் அல்ல, சாலை. 2010 டிசம்பரில் ஒன்டாரியோவின் சார்னியாவுக்கும் லண்டனுக்கும் இடையே ஓடும் 402ஆம் நெடுஞ்சாலையில், ஹூரான் ஏரியிலிருந்து வீசிய பனிக்காற்றில் 300க்கும் அதிகமானோர் சிக்கிக்கொண்டார்கள். சிலர் ஒரு நாளுக்கு மேல் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். மீட்க ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்தன. அது வயல்வெளி, நாம் நகரவாசிகள் என்று தள்ளிவிட முடியாது. 2017 மார்ச்சில் மான்ட்ரியல் நகர எல்லைக்குள்ளேயே 13ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 300 வண்டிகள் இரவெல்லாம் நின்றன. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை உறைந்து நின்றபோது மாட்டிக்கொண்டவர்களில் செனட்டர் டிம் கெய்னும் ஒருவர். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடியும் பயணம் அவருக்கு 27 மணி நேரம் ஆயிற்று. முன்னே எங்கோ ஒரு லாரி வழுக்கிக் குறுக்கே நின்றால் போதும். அதற்குப் பின்னால் வரும் ஆயிரம் நல்ல கார்களும் சேர்ந்து நிற்கும்.

எனவே பையை நிரப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘கார் கெட்டுப்போனால் எப்படிச் சரிசெய்வது?’ என்பதல்ல. ‘இந்தக் காரில் இருப்பவர்கள் நாளை இதே நேரம்வரை இங்கேயே இருக்க வேண்டியிருந்தால் என்ன வேண்டும்?’ என்பதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு பொருளும் அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பைக்குள் போகிறது. பதில் சொல்லாத பொருளை எடுத்து வெளியே வைத்துவிடலாம்.

முதலில் கார்

அக்டோபர் இரண்டாவது திங்கள், கனடாவின் நன்றியறிதல் நாள். அந்த நீண்ட வார இறுதியை இந்த வேலைக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது. முதல் பனி விழுந்த மறுநாள் எந்த டயர் கடையிலும் நமக்கு நேரம் கிடைக்காது.

வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும். பனி விழுந்த பிறகுதான் குளிர்கால டயர் என்பது தவறான கணக்கு. பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் கொண்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. கேட்காமல் தர மாட்டார்கள், கேளுங்கள்.

காற்றழுத்தத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. வெளி வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். 15 டிகிரி இருந்த அக்டோபர் மதியத்தில் சரியாக நிரப்பிய டயர், மைனஸ் 20 காட்டும் ஜனவரிக் காலையில் ஆறு பி.எஸ்.ஐ. குறைந்து நிற்கும்.

பாட்டரிக்கு வயதுண்டு. உறைநிலையில் அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மைனஸ் 18இல் பாதிக்கு மேல் போய்விடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, ஸ்டார்ட் செய்ய வழக்கத்தைவிட அதிக பலத்தைக் கேட்கும். மூன்று நான்கு வருடங்கள் ஓடிய பாட்டரியைக் கடையில் சோதிக்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. கண்ணாடி கழுவும் திரவத்தில் கோடைக்கென விற்பதைக் காலி செய்துவிட்டு, மைனஸ் 40வரை உறையாது என்று எழுதியதை ஊற்றுங்கள். உப்புத் தூவிய 401ஆம் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் டிரக் வாரியிறைக்கும் சேற்றுக்கு ஒரு குடுவை ஒரே நாளில் தீர்ந்துவிடும். டிக்கியில் இன்னொரு குடுவை இருக்கட்டும். அதில் பெரும்பாலும் மெத்தனால் இருக்கும்; விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிறகு பெட்ரோல். இங்கே காஸ் என்பார்கள். குளிர்காலத்தில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. 3 லிட்டர் எஞ்சின் நின்ற இடத்தில் 10 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் குடிக்கும். மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஹீட்டர் போடுகிறீர்கள் என்று வையுங்கள்: 24 மணி நேரத்துக்கு ஏழு லிட்டர் சொச்சம். 50 லிட்டர் டேங்கில் பாதி இருந்தால் மூன்று நாள் தாங்கும். கால் டேங்குக்கும் கீழே, விளக்கு எரியும் நிலையில் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு முழு நாள் தாங்குவதே சிரமம். மற்ற எல்லாப் பொருளையும்விட முக்கியமான அவசரகாலப் பொருள் இதுதான். இதைப் பையில் வைக்க முடியாது என்பதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பை போதாது, இரண்டு வேண்டும்

எல்லாவற்றையும் டிக்கியில் வைப்பதுதான் நம் வழக்கம். பனிப்புயலில் டிக்கி என்பது வேறொரு ஊர். பூட்டு உறைந்திருக்கலாம், பின்பக்கம் பனி மூடியிருக்கலாம், கதவைத் திறந்து இறங்கிச் சுற்றிவந்து திறப்பதற்குள் காருக்குள் இருந்த வெப்பமெல்லாம் போய், நனைந்த காலணியோடு திரும்பி வருவீர்கள். எனவே உயிர் காக்கும் பொருள்கள் ஒரு பையில், பின்சீட்டுக்குக் கீழே காலடியில், கையெட்டும் தூரத்தில். மண்வாரி, மணல், கேபிள் போன்ற வெளிவேலைப் பொருள்கள் மட்டும் டிக்கியில். மண்வாரியைக்கூட டிக்கியின் அடியில் புதைக்காமல், புயல் எச்சரிக்கை உள்ள நாளில் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

பூட்டுத் துவாரத்தின் பனியை உருக்கும் சின்னக் குப்பியைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அது கோட்டுப் பையில் இருக்க வேண்டிய பொருள்.

உள்ளே வைக்கும் பை: சூடு

காரில் உள்ள இருக்கைப் பட்டை எத்தனையோ அத்தனை போர்வை. கம்பளியோ, கெட்டியான ஃப்ளீஸோ எதுவானாலும் சரி. வீட்டில் பழைய ஸ்லீப்பிங் பேக் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. வெள்ளித்தாள் போர்வையை நம்பி மட்டும் இருக்காதீர்கள். உடல் வெளியேற்றும் வெப்பத்தை அது திருப்பி அனுப்பும், காற்றைத் தடுக்கும்; ஆனால் தானாகச் சூட்டைப் பிடித்து வைக்காது. கம்பளிக்கு மேலே சுற்றினால்தான் அதற்குப் பயன்.

நம் வீடுகளுக்கென்று இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது குழந்தைகள். கனமான குளிர்கோட்டுக்கு மேல் குழந்தை இருக்கையின் பட்டையைக் கட்டக் கூடாது. மோதலில் கோட்டின் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும் என்பதால் கனடாவின் போக்குவரத்துத் துறையே இதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆக, முறைப்படி உட்கார வைத்த குழந்தை காருக்குள் கோட்டில்லாமல்தான் இருக்கும். கோட்டும், கூடுதலாக ஒரு போர்வையும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, கல்யாணம், பூப்புனித நீராட்டு, அரங்கேற்றம். மார்க்கம் நகரிலோ ஸ்கார்பரோவிலோ மண்டபத்துக்குப் போகும் ஜனவரிச் சனிக்கிழமையைப் பாருங்கள். அம்மா பட்டுப்புடவையும் திறந்த செருப்பும், அப்பா வேட்டியும் மெல்லிய சால்வையும். வீட்டு வாசலில் ஏறி மண்டப வாசலில் இறங்குவதுதானே என்ற எண்ணம். 401இன் நடுவே அந்தக் கார் நின்றால் அதில் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் வெளியே இறங்க முடியாது. விசேஷத்துக்கு என்ன உடுத்தினாலும் சரி. ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், கம்பளிக் காலுறை, கம்பளித் தொப்பி, கையுறை காரில் ஏற வேண்டும். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் கையுறையில் சூடு அதிகம் நிற்கும்.

கையைச் சூடாக்கும் சிறு பொட்டலங்களைப் பெட்டியாக வாங்கிப் போடுங்கள். உறையைப் பிரித்துக் குலுக்கினால் பல மணி நேரம் சூடு தரும். தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. வாரந்தோறும் வீட்டு வாசலில் விழும் மளிகைக் கடை விளம்பரத் தாள்களில் ஒரு கட்டு பையின் அடியில் கிடக்கட்டும். காலடியில் விரித்தாலும், கோட்டுக்குள் திணித்தாலும் குளிரைத் தடுக்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் நல்ல பொருள் இது ஒன்றுதான்.

ஆழமான காப்பி டின்னுக்குள் தடித்த மெழுகுவர்த்தி, கூடவே ஈரம் புகாத டப்பாவில் தீக்குச்சி என்று அரசாங்கப் பட்டியலிலும் இருக்கிறது. குளிரில் லைட்டரின் எரிவாயு சரியாக வெளியே வராது, தீக்குச்சிதான் நம்பகம். என் கருத்து: மெழுகுவர்த்தியைச் சூட்டுக்காகக் கடைசியில் நினையுங்கள். போர்வையும் குழந்தைகளும் நிறைந்த மூடிய காருக்குள் நெருப்பு என்பது சின்ன விஷயமல்ல. எரியும்போது ஜன்னல் சற்றே திறந்திருக்க வேண்டும், ஒருவர் கண் அதன்மேல் இருக்க வேண்டும். பனியை உருக்கித் தண்ணீராக்க அந்த வெறும் டின் உதவும் என்பதுதான் அதன் பெரிய பயன்.

தின்ன, குடிக்க, மற்றவை

உணவில் நாம் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். எனர்ஜி பார் மைனஸ் 20இல் செங்கல் மாதிரி ஆகிவிடும், பல் போகும். கடலை உருண்டை, எள்ளுருண்டை, முந்திரி, வறுத்த வேர்க்கடலை, உலர்திராட்சை இவையெல்லாம் மாதக்கணக்கில் கெடாது, சின்னச் சின்னத் துண்டாக வாயில் போடலாம், எண்ணெயும் இனிப்புமாக உடம்புக்கு வேண்டிய சூட்டையும் தரும். மிக்சரும் காராச்சேவும் வேண்டாம். உப்பும் காரமும் தாகத்தைக் கூட்டும், தண்ணீரோ குறைவாக இருக்கும். டின் உணவு உறைந்தால் டின் பிதுங்கும், அதையும் விடுங்கள்.

தண்ணீர்ப் புட்டியை முழுக்க நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் விரிவடையும்; முக்கால் பங்கு நிரப்பினால் புட்டி வெடிக்காது. கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது. சின்னப் புட்டிகள் பலவாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கோட்டுக்குள் வைத்து உருக்கிக் குடிக்கலாம். இது பையில் நிரந்தரமாக இருக்கும் தண்ணீர். நீண்ட பயணம் கிளம்பும்போது ஒரு தெர்மாஸில் சுடச்சுடத் தேநீரோ வெந்நீரோ தனியாக ஏற வேண்டும். பனியை அப்படியே அள்ளித் தின்பது ஆபத்து. அதை உருக்க உடம்பின் சூடு செலவாகும். மதுவும் வேண்டாம். குடித்ததும் சூடானது போலத் தோன்றும், உண்மையில் உடம்பு வேகமாகக் குளிரும்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் குடும்பங்களில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு குறைவு. இன்சுலின் ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், பிறகு உருகினாலும் போடக் கூடாது. ஆகவே அதைக் காரில் விட்டுவைக்கவே முடியாது. கைப்பையில், உடம்போடு ஒட்டியபடி வர வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை, ஆஸ்துமா பம்ப் இவற்றிலும் ஒரு நாளுக்கு வேண்டியது கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும். காரில் நிரந்தரமாக வைக்கக்கூடியது, சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாய் ஒரு டப்பா.

இனி யாரும் எழுத விரும்பாதது. பதினைந்து மணி நேரம் காரில் இருந்தால் சிறுநீர் வரும். வெளியே இறங்கி ஒதுங்கலாம் என்பது ஆண்களுக்குக்கூடப் பனிப்புயலில் நடக்காது. அகன்ற வாய் உள்ள மூடி போட்ட புட்டி, கெட்டியான குப்பைப் பைகள், கழிப்பறைக் காகிதம், ஈரத் துடைப்பான், மாதவிடாய்த் துணிகள், குழந்தை இருந்தால் டயப்பர், மறைத்துக்கொள்ள ஒரு பழைய பெட்ஷீட். பட்டியல்களில் வெட்கப்பட்டு இதை விட்டுவிடுவதால்தான் பலர் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து, குளிரோடு வறட்சியையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வெளிச்சமும் செய்தியும்

கைவிளக்கு ஒன்றைவிடத் தலையில் மாட்டும் விளக்கு மேல். இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். சாதாரண அல்கலைன் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும், லித்தியம் பேட்டரி தாங்கும். கையால் சுற்றி மின்சாரம் ஏற்றும் விளக்கு ஒன்று துணைக்கு இருக்கலாம். செல்பேசியும் குளிரில் வேகமாக வடியும், 30 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென அணைந்துவிடும். உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். பவர் பேங்க் வேண்டும். ஆனால் அதை மாதக்கணக்கில் காரில் போட்டுவைத்தால் தேவைப்படும் நாளில் காலியாக இருக்கும். சாவியோடு சேர்த்து வீட்டுக்கும் காருக்குமாக வந்துபோகட்டும். காரில் சொருகும் சார்ஜரும், எல்லோருடைய போனுக்கும் பொருந்தும் கம்பியும் நிரந்தரமாகக் காரில்.

ஒரு விசில், ஒரு முழம் பளிச்சென்ற சிவப்புத் துணி, முதலுதவிப் பெட்டி, இருக்கைப் பட்டையை அறுத்துக் கண்ணாடியையும் உடைக்கும் சின்னக் கருவி. அந்தக் கருவி மட்டும் பையில் வேண்டாம், ஓட்டுநர் கைக்கு எட்டும் கதவுப் பையில் இருக்கட்டும். தாளில் அச்சடித்த சாலை வரைபடம் பழைய பழக்கம் போலத் தோன்றும். ஒன்டாரியோவின் சட்பரிக்கு வடக்கே போனால் சிக்னல் இல்லாத நீளங்கள் வரும், அங்கே தெரியும் அதன் அருமை.

டிக்கியில் போவது

பனி வாரும் மண்வாரி, உலோகத்தில் பிடி மடங்குவதாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் வாரி புதுப் பனிக்குச் சரி. பனி அள்ளும் வண்டி சாலையோரம் தள்ளிவிட்டுப் போன, இறுகி ஐஸான குவியலில் அது உடைந்துவிடும். நீளமான பிரஷ், உறுதியான சுரண்டி.

சக்கரம் சுழன்று ஏறாமல் நின்றால் அடியில் தூவ ஏதாவது வேண்டும். பலரும் உப்பு வாங்கி வைக்கிறார்கள். சாதாரணச் சாலை உப்பு மைனஸ் 12க்குக் கீழே பெரும்பாலும் வேலை செய்யாது, வேலை செய்யும் போதும் நேரம் எடுக்கும். மணல் எந்தக் குளிரிலும் பிடிப்புத் தரும். பூனைக்கு வைக்கும் துகளும் நல்லது, ஆனால் கட்டிபிடிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்டால் கட்டிபிடிக்கும் வகை சக்கரத்தின் அடியில் வழுக்கும் பசையாகிவிடும். கடையில் அதுதான் அதிகம் இருக்கும், பையைப் புரட்டி வாசித்து எடுங்கள்.

ஜம்பர் கேபிளின் நீளத்தையும் கனத்தையும் பார்க்க வேண்டும். கேஜ் எண் சிறியதானால் கம்பி தடிமன்; 6 அல்லது 4 எடுங்கள், நீளம் நான்கைந்து மீட்டராவது. இணைக்கும் வரிசையை ஒரு அட்டையில் எழுதிக் கேபிளோடு கட்டிவிடுங்கள். சிவப்பு முதலில் செத்த பாட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பாட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பாட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை நின்ற காரின் எஞ்சினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில், பாட்டரிக்குத் தள்ளி. கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசை. பாட்டரி உப்பியிருந்தாலோ உறைந்துவிட்டதாகத் தெரிந்தாலோ தொடாதீர்கள், வெடிக்கக்கூடும்.

இழுக்கும் கயிறு வாங்கினால் மட்டும் போதாது, அதை எங்கே மாட்டுவது என்று தெரிய வேண்டும். இப்போதைய கார்களில் கொக்கி வெளியே இருக்காது. பம்பரில் ஒரு சின்னச் சதுர மூடியைப் பெயர்த்து, டிக்கியின் தரைக்கு அடியில் கிடக்கும் வளையத்தைத் திருகி மாட்ட வேண்டும். அந்த மூடியையும் வளையத்தையும் அக்டோபரிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். அப்படியே அங்கே மாற்று டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல புதுக் கார்களில் அதற்குப் பதிலாகக் காற்றடிக்கும் சிறு எந்திரமும் ஒட்டும் திரவமும்தான் இருக்கும். முக்கோண எச்சரிக்கைப் பலகை, தீயணைப்பான் இரண்டும் இருக்கட்டும்.

நெடுஞ்சாலையில் இழுவை வண்டி கூப்பிடுவது பற்றி ஒன்று. டொராண்டோவைச் சுற்றியுள்ள 400 வரிசை நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில் 2021 டிசம்பர் முதல், மாகாண அரசு அனுமதித்த நிறுவனங்கள் மட்டுமே வண்டியை இழுக்கலாம். உங்களுக்கு வாகன ஓட்டுநர் சங்க உறுப்பினர் அட்டை இருந்தாலும் அவர்கள் வண்டி அங்கே வர முடியாது. எந்தப் பகுதிகள் என்று முன்பே பார்த்துவைத்தால், குளிரில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

நின்றுபோனால்

கிளம்புமுன் 511இல் சாலை நிலவரம் பார்ப்பது, போகும் வழியையும் சேரும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவைப்பது, இரண்டும் இரண்டு நிமிட வேலை. அதையும் மீறி நின்றுவிட்டால் முதல் விதி, காரைவிட்டு இறங்கி நடக்காதே. வெண்பனி கண்ணை மறைக்கும்போது பத்தடி தள்ளி இருக்கும் சொந்தக் கார் தெரியாது. மைனஸ் 20இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 33. திறந்திருக்கும் தோல் அரை மணி நேரத்துக்குள் உறைபுண்ணாகலாம். தேடி வருபவர்களுக்கும் மனிதனைவிடக் கார் எளிதில் தெரியும்.

911ஐ அழைக்கும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒன்டாரியோவின் 400 வரிசைச் சாலைகளில் வெளியேறும் வழியின் எண் கிலோமீட்டர் கணக்கில் இடப்பட்டது. கடைசியாகக் கடந்த எண்ணும் போகும் திசையும் போதும். ஓட்டும்போதே அந்த எண்களைக் கவனிக்கும் பழக்கம் வேண்டும். பிறகு போனைப் பேச்சுக்குப் பயன்படுத்தாமல் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் துணியை ஆன்டெனாவிலோ கண்ணாடி இடுக்கிலோ கட்டுங்கள்.

அடுத்தது உயிருக்கு உலை வைக்கும் இடம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, ஒருவர் இறங்கிப் பின்னால் போய் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரி எடுக்க வேண்டும். குழாய் அடைபட்டால் புகை வெளியேற வழியில்லாமல் காருக்குள் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, வாந்தி, தூக்கம் என்று தொடங்கும், தூங்கியவர் எழ மாட்டார். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலைப்பகுதியில் பனி பார்க்கப் போன கூட்டம் கார்களுக்குள் சிக்கி, குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் இறந்தார்கள். குளிரோடு இந்த வாயுவும் அவர்களைக் கொன்றதாகச் செய்திகள் கூறின. கார்களில் ஹீட்டர் இருந்தது. ஹீட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தைத்தான் அஞ்ச வேண்டும்.

எனவே மணிக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சின். அந்த நேரத்தில் காற்று வீசாத பக்கத்து ஜன்னல் ஒரு விரலளவு திறந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் போன் சார்ஜ், விளக்கு, கை கால் அசைவு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்காமல் ஒருவராவது விழித்திருங்கள். பனி வாரும்போது வியர்க்க வியர்க்க வாராதீர்கள். நனைந்த உள்ளாடை பிறகு உடம்பின் சூட்டை உறிஞ்சும். இதய நோய் உள்ளவர் வாரவே வேண்டாம்.

மின்சாரக் காரில் புகைக்குழாய் இல்லை, இந்த ஆபத்தும் இல்லை. அங்கே கவலை பாட்டரியின் அளவு ஒன்றுதான். காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் சூடாக்குவதைவிட இருக்கையைச் சூடாக்குவது மிகக் குறைந்த மின்சாரத்தில் நடக்கும். போர்வையும் இருக்கைச் சூடும் சேர்ந்தால் நெடுநேரம் தாங்கும். பாதிக்குக் கீழே இறங்கவிடாதே என்ற விதி அங்கும் அப்படியே.

ஒத்திகையும் பராமரிப்பும்

எல்லாம் வைத்தாயிற்று என்று தோன்றியதும் ஒரு குளிர் மாலை, வீட்டு வாசலிலேயே, குடும்பத்தோடு காரில் ஏறி எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். வெளியே இறங்கக் கூடாது என்பது மட்டும் விதி. எந்தப் போர்வை சின்னது, எந்த டப்பாவைக் கையுறையோடு திறக்க முடியவில்லை, பையை யார் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்ட முடிகிறது என்பதெல்லாம் எந்தப் பட்டியலும் சொல்லித் தராத விதத்தில் தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு இது விளையாட்டு. கடலை உருண்டையின் எண்ணிக்கை அன்றே குறைந்துவிடும்.

அது சாதாரண நாள்களிலும் குறையும். ஆகவே மாதம் ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள்: தின்றதை நிரப்புங்கள், விளக்கை எரியவிட்டுப் பாருங்கள், குழந்தைகளின் பூட்ஸ் இன்னும் பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள். தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

மார்ச்சில் இரண்டு நாள் வெயிலடித்ததும் பையை எடுத்து கராஜில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஏப்ரல் முடியும்வரை அது காரிலேயே இருக்கட்டும். 2018இல் டொராண்டோவை உறைமழையும் பனியுமாக உலுக்கிய புயல் அடித்தது ஏப்ரல் 14, 15 தேதிகளில், நாம் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த வார இறுதியில்.